பீப் அடிக்கிற போர்டு செத்துப் போகவில்லை தம்பி

கேள்வி: அண்ணா, எனக்கு 21 வயது. டிப்ளமோவைப் பாதியில் விட்டுவிட்டு நாலு மாதமாக எங்கள் ஊர் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் உதவியாளாக இருக்கிறேன். போன வாரம் ஒரு ஜெராக்ஸ் கடை டெஸ்க்டாப் வந்தது. ஆன் செய்தால் ஃபேன் சுற்றும், நீளமாக ஒரு பீப் விட்டு விட்டு அடிக்கும், டிஸ்ப்ளே வராது. வேறு ராம் போட்டுப் பார்த்தேன், அதே நிலை. எஸ்எம்பிஎஸ் (கரண்ட் கொடுக்கிற பவர் சப்ளை) மாற்றினேன், சிமாஸ் பேட்டரி (போர்டின் கடிகார பேட்டரி) மாற்றினேன், மானிட்டர் மாற்றினேன். ஒன்றரை நாள் போனது. கடைசியில் 'போர்டு டெட்' என்று எழுதி வைத்தேன். முதலாளி வந்தார், ராமைக் கழற்றிப் பக்கத்து ஸ்லாட்டில் போட்டார், டிஸ்ப்ளே வந்துவிட்டது. எல்லோர் முன்னாலும் திட்டினார். எனக்குக் கைராசி இல்லை என்று உடன் வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். நான் எதை முதலில் கற்றுக்கொள்ள வேண்டும்? கையில் 6,000 ரூபாய் இருக்கிறது, கோர்ஸில் சேரவா, டூல்ஸ் வாங்கவா? பி.கு: கடையில் இன்னொரு மெஷினில் தினமும் காலையில் தேதி பழசாக மாறிவிடுகிறது, பேங்க் சைட் திறப்பதில்லை. விண்டோஸ் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்:

தம்பி, கைராசி என்று ஒன்று இந்தத் தொழிலில் கிடையாது. இருபது வருடத்துக்கு மேல் இதே வேலை செய்கிறேன், கைராசிக்காரர் என்று பெயர் வாங்கியவர்களின் பக்கத்தில் உட்கார்ந்தும் பார்த்திருக்கிறேன், அவர்கள் எல்லோரும் செய்தது ஒன்றுதான்: ஒரு பார்ட்டைக் கழற்றுவதற்கு முன்னால், இதைக் கழற்றினால் எனக்கு என்ன தெரியும் என்று மனதுக்குள் கேட்டுக்கொள்வார்கள். பதில் இல்லையென்றால் ஸ்க்ரூ டிரைவரைத் தொடமாட்டார்கள்.

உன் கேஸையே எடுத்துக்கொள்வோம். அந்த மெஷின் உன்னிடம் பீப் அடித்துச் சொன்னது. பீப் அடிக்க வேண்டுமென்றால் என்னென்ன நடந்திருக்க வேண்டும், யோசி. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து கரண்ட் வந்து, போர்டு அதைப் பிராசஸருக்குத் தகுந்த மாதிரி குறைத்துக் கொடுத்து, பிராசஸர் எழுந்து, பயாஸ் சிப்பில் இருக்கிற, மெஷினை எழுப்புகிற புரோகிராமைப் படித்து, போஸ்ட் என்கிற ஆரம்பச் சோதனையைத் தொடங்கி, ராம் வரைக்கும் வந்து, அங்கே ஒன்றும் கிடைக்காமல் நின்று கூப்பிடுகிறது. இவ்வளவும் நடந்த பிறகு எஸ்எம்பிஎஸ்ஸை மாற்ற என்ன காரணம்? மானிட்டரை மாற்ற என்ன காரணம்? நீளமான பீப் விட்டு விட்டு வந்தால் பெரும்பாலான பழைய போர்டுகளில் அது ராம் பிரச்சினை. ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் பல போர்டுகளில் கிராபிக்ஸ். பயாஸ் கம்பெனிக்கு கம்பெனி இது மாறும், அதனால் மனப்பாடம் செய்யாதே, போர்டின் மாடல் நம்பரைப் பார்த்து அதன் மேனுவலை டவுன்லோடு செய்து பார். பல புது போர்டுகளில் பீப்புக்குப் பதிலாக ஓரத்தில் நாலு குட்டி லைட் இருக்கும், பக்கத்திலேயே சிபியு (பிராசஸர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் என்று எழுதியிருப்பார்கள், எதில் நின்று எரிகிறதோ அங்கேதான் சிக்கல்.

நீ ராமை மாற்றியது தப்பே இல்லை, முதல் வேலையாக அதைச் செய்தது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் புது ராமையும் அதே ஸ்லாட்டில் போட்டாய். அப்படிப் போட்டால் பழைய ராம் நல்லதா என்பதற்கு மட்டும்தான் விடை கிடைக்கும், ஸ்லாட் நல்லதா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. ஜெராக்ஸ் கடை மெஷின் என்கிறாய், டோனர் தூளும் பேப்பர் தூசியும் பறக்கிற இடம், அந்த ஸ்லாட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் உனக்கே தெரிந்திருக்கும். நல்லது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு ராம், ஒவ்வொரு ஸ்லாட்டாக மாற்றிப் போடு. அப்புறம் சந்தேகப்படுகிற ராம், நல்லது என்று தெரிந்த ஸ்லாட்டில். நாலே நாலு தடவை ஆன் செய்தால் முடிந்துவிடும். ராமின் தங்க நிறப் பட்டைகளை ரப்பர் வைத்துத் தேய்ப்பது எல்லாக் கடையிலும் வழக்கம், நானும் செய்திருக்கிறேன், ஆனால் போர்டுக்கு மேலே வைத்துத் தேய்க்காதே, ரப்பர் துணுக்கு ஸ்லாட்டுக்குள் விழுந்தால் இன்னொரு கோளாறு. ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பஞ்சும் இருந்தால் அதுதான் நல்லது. ஸ்லாட்டுக்குக் காய்ந்த மெல்லிய பிரஷ்.

பீப்பே வராமல், ஃபேன் மட்டும் சுற்றுகிற மெஷின் வந்தால் என்ன செய்வது? இதற்கு ஒரு அருமையான சோதனை உண்டு, எத்தனை பேருக்கு நான் சொல்லிக் கொடுத்திருப்பேனோ தெரியாது. ராம் முழுவதையும் கழற்றிவிட்டு ஆன் செய். போர்டில் ஸ்பீக்கர் பின்னில் ஒரு குட்டி பஸ்ஸர் மாட்டியிருக்க வேண்டும், புது கேபினெட்டுகளில் அது வருவதில்லை, முப்பது நாற்பது ரூபாய்க்குத் தனியாகக் கிடைக்கும், உன் சட்டைப் பையில் எப்போதும் இருக்கட்டும். ராம் இல்லாமல் ஆன் செய்ததும் பீப் அடித்தால் போர்டும் பிராசஸரும் உயிரோடு இருக்கின்றன, ராம் பக்கம் போ. அமைதியாக இருந்தால் கரண்ட், பிராசஸர், பயாஸ் இந்த மூன்றையும் பார்க்க வேண்டும். முதலில் பிராசஸருக்குப் பக்கத்தில் இருக்கிற 4 பின் அல்லது 8 பின் கனெக்டர் மாட்டியிருக்கிறதா என்று பார். பிராசஸருக்கான 12 வோல்ட் அது வழியாகத்தான் போகிறது. அதை மாட்ட மறந்தாலும் ஃபேன் ஜம்மென்று சுற்றும், லைட் எரியும், டிஸ்ப்ளே மட்டும் வராது. 'ஃபேன் சுத்துது, கரண்ட் வருது' என்று நம்பி ஏமாறுவது இங்கேதான்.

இன்னொரு இடத்திலும் பையன்கள் மாட்டிக்கொள்கிறார்கள். கிராபிக்ஸ் கார்டு போயிருக்கும் என்று அதைக் கழற்றிவிட்டு, போர்டில் இருக்கிற எச்டிஎம்ஐயில் கேபிளைச் செருகுவார்கள், டிஸ்ப்ளே வராது, 'போர்டும் போச்சு' என்பார்கள். இன்டெல் பிராசஸரின் பெயர் எஃப் என்று முடிந்தால், உதாரணத்துக்கு ஐ5 10400எஃப், அதற்குள் கிராபிக்ஸே கிடையாது, போர்டின் எச்டிஎம்ஐ அதோடு வேலை செய்யவே செய்யாது. மேலே இருக்கிற ஸ்டிக்கரையோ பில்லையோ பார்த்துவிட்டுக் கழற்று.

எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிப் பார்க்கிற பழக்கத்தை விட்டுவிட்டு அளந்து பார்க்கிற பழக்கத்துக்கு வா. மல்டிமீட்டரை டிசியில் வை, கறுப்பு முனையைக் கறுப்பு வயரில் வை. சுவிட்சைப் போட்டு, கம்ப்யூட்டரை ஆன் செய்யாமலேயே, ஊதா வயரில் 5 வோல்ட் இருக்க வேண்டும், அதுதான் ஸ்டாண்ட்பை. அது இல்லையென்றால் பவர் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது. ஆன் ஆன பிறகு மஞ்சளில் 12, சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3. ஐந்து சதவீதம் கூடக் குறைய இருக்கலாம், அதாவது மஞ்சளில் 11.4-க்குக் கீழே போனால் அந்த எஸ்எம்பிஎஸ்ஸை நம்பாதே. எல்லா வயரும் கறுப்பாகவே வருகிற மாடலும் உண்டு, அங்கே நிறத்தை விட்டுவிட்டு 24 பின் படத்தைப் பார்த்து அளக்க வேண்டும். பச்சையையும் கறுப்பையும் ஒரு கம்பியால் இணைத்தால் எஸ்எம்பிஎஸ் தனியாக ஓடும், எல்லோரும் செய்வதுதான், ஆனால் சுமை இல்லாமல் 12 காட்டுவது போர்டில் மாட்டியதும் 10-க்கு இறங்கலாம். அதனால் கனெக்டர் போர்டில் இருக்கும்போதே, வயர் நுழைகிற பின்பக்கத்தில் முனையைச் செருகி அள. எஸ்எம்பிஎஸ் டப்பாவை மட்டும் திறக்காதே. உள்ளே பெரிய கெபாசிட்டரில் 320 வோல்ட் பக்கம் டிசி இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கொஞ்ச நேரம் தங்கும். பவர் சப்ளை வேலை தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கும் வரை அந்த நாலு ஸ்க்ரூ உனக்கு இல்லை.

கரண்ட் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 'கேபினெட்டைத் தொட்டா சுர்ருங்குது, எஸ்எம்பிஎஸ் ஷார்ட்' என்று கஸ்டமர் கூப்பிடுவார். நூற்றுக்கு பாதி இடத்தில் எஸ்எம்பிஎஸ் நல்லாத்தான் இருக்கும், அந்த வீட்டு பிளக் பாயிண்டில் எர்த் இருக்காது. மூன்று ஓட்டை இருக்கும், மேல் ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்ன கெபாசிட்டர்கள், ஃபேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றும் எர்த்துக்குப் போகின்றன. எர்த் இல்லாதபோது அந்த நடுப்புள்ளி, அதாவது மொத்த கேபினெட்டும், 230-இல் பாதி, 115 வோல்ட் பக்கம் மிதக்கும். கரண்ட் மிகக் குறைவு, அதனால்தான் சுர்ரென்று மட்டும் இருக்கிறது. ஆனால் அந்த நிலையில் பிரிண்டர் கேபிளையோ எச்டிஎம்ஐயையோ செருகும்போது போர்ட் போக வாய்ப்பு உண்டு. எஸ்எம்பிஎஸ் விற்றுவிட்டு வராதே. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போடச் சொல். அதே நேரம், ஃபேஸே கேபினெட்டில் ஒட்டிக்கொண்டிருக்கவும் கூடும், அது ஆளைக் கொல்லும். அதனால் எப்படியும் முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பேசு.

சூட்டுப் பிரச்சினையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பத்து நிமிடத்தில் தானாக ஆஃப் ஆகிறதா, பயாஸுக்குள் போய் பிராசஸர் சூட்டைப் பார். சும்மா இருக்கும்போதே 80, 90 டிகிரி என்றால் பழைய இன்டெல் கூலரின் நாலு பிளாஸ்டிக் காலையும் போர்டின் பின்பக்கத்தில் பார், ஒன்று முழுதாக இறங்காமல் பாதியில் நிற்கும். பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் சூட்டைக் கடத்தப் போடுகிற பேஸ்ட் பட்டாணி அளவு போதும். ஏஎம்டி பிராசஸருக்கான ஏஎம்4 போர்டில் கூலரை நேராக மேலே இழுக்காதே, காய்ந்த பேஸ்ட்டோடு பிராசஸரும் சாக்கெட்டை விட்டு வந்து பின் வளைந்துவிடும். கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, ஆஃப் செய்து, மெதுவாக இடவலமாகத் திருகி எடு.

இனி நான் சொல்வதை தயவுசெய்து கவனமாகப் படி. நான் இந்த வேலைக்கு வந்த மூன்றாவது வருடம். ஒரு அம்மா கம்ப்யூட்டர் கொண்டு வந்தார், வைரஸ், விண்டோஸ் ஏறவில்லை. 'பேக்கப் எடுக்கணுமாம்மா?' என்று கேட்டேன். 'அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா' என்றார். ஃபார்மட் அடித்து, புதிதாக விண்டோஸ் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் வந்து, 'எங்க வீட்டுக்காரர் போட்டோ எல்லாம் எங்கப்பா?' என்றார். அவர் இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. பேக்கப் என்ற வார்த்தை அந்த அம்மாவுக்குத் தெரியாது, ஏதோ ஒரு பார்ட் என்று நினைத்திருக்கிறார். ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்தேன், கிடைத்த படங்களில் பாதி, மேல் பகுதி மட்டும் தெரிந்து கீழே சாம்பல் நிறமாக இருந்தன. புது விண்டோஸ் அந்த இடத்தின் மேலேயே எழுதிவிட்டது. அன்றிலிருந்து நான் பேக்கப் வேண்டுமா என்று கேட்பதில்லை. 'இதுல உங்க வீட்டு போட்டோ இருக்கா, டேலி கணக்கு இருக்கா, பிள்ளைங்க புராஜெக்ட் இருக்கா, டெஸ்க்டாப்ல என்ன வச்சிருந்தீங்க' என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன், ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவேன். இல்லை என்று சொன்னாலும் முடிந்தவரை ஒரு காப்பி எடுத்து ஒரு வாரம் வைத்திருப்பேன், பிறகு அழித்துவிடுவேன். வேலைக்குத் தேவையில்லாத ஒரு ஃபோல்டரைக்கூடத் திறக்காதே. பாஸ்வேர்டை அவர்களையே அடிக்கச் சொல்.

இதோடு சேர்ந்தது ஹார்டு டிஸ்க். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்கிற சாஃப்ட்வேரை ஓட்டி, டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைக்கிற ஸ்மார்ட் அட்டவணையைப் படிக்கக் கற்றுக்கொள். 05 என்ற வரி, டிஸ்க் ஏற்கெனவே கெட்ட இடங்களை ஒதுக்கி மாற்று இடம் கொடுத்த கணக்கு. சி5 என்ற வரி, படிக்க முடியாமல் காத்திருக்கிற இடங்கள். இவை ஏறிக்கொண்டே போனால் விண்டோஸில் டிஸ்க்கைச் சோதிக்கிற செக் டிஸ்க்கை உடனே ஓட்டாதே, சாகிற டிஸ்க்கை அது இன்னும் அலைக்கழிக்கும். முதலில் டேட்டாவை வேறு டிஸ்க்குக்கு நகல் எடு, மற்றதெல்லாம் அப்புறம். சி7 என்ற வரி, அதாவது டேட்டா கேபிள் வழியாகப் போகும்போது வந்த பிழைகளின் கணக்கு, மட்டும் ஏறியிருந்து மற்ற இரண்டும் சுத்தமாக இருந்தால் டிஸ்க் பாவம், குற்றம் பெரும்பாலும் டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கிற சாட்டா கேபிளில் இருக்கும். கேபிளை மாற்று. சி7 எண் குறையாது, அது பழைய கணக்கு, ஆனால் அதற்கு மேல் ஏறாமல் நின்றால் வேலை முடிந்தது. ஒரு கேபிளில் தீர்கிற விஷயத்துக்குப் புது எஸ்எஸ்டி வாங்கியவர்கள் நிறைய பேர்.

புது லேப்டாப்புகளில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கர் ஆன் ஆகியிருப்பது கஸ்டமருக்கே தெரியாது. பயாஸ் அப்டேட் செய்தாலோ போர்டை மாற்றினாலோ 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கலாம். அது இல்லையென்றால் உள்ளே இருப்பது உனக்கும் இல்லை, அவருக்கும் இல்லை. லேப்டாப்பைக் கையில் வாங்கும்போதே பார், பெரும்பாலும் அவருடைய மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் கீ இருக்கும், அதை அவர் எடுத்து வைத்த பிறகு பிட்லாக்கரை நிறுத்தி வைத்துவிட்டு வேலையைத் தொடங்கு. லேப்டாப் திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. ஒரு வெள்ளைத் தாளில் லேப்டாப் படம் வரைந்து, ஸ்க்ரூக்களை அந்தந்த இடத்திலேயே ஒட்டி வை. நீள ஸ்க்ரூவைக் குட்டை ஸ்க்ரூ இடத்தில் முடுக்கினால் மேலே டச்பேடுக்குப் பக்கத்தில் ஒரு புடைப்பு வரும், அதைக் கஸ்டமர்தான் முதலில் பார்ப்பார்.

பணத்துக்கு வருவோம். 6,000-த்தையும் ஒரு கோர்ஸில் கொட்டாதே. ஒரு நல்ல மல்டிமீட்டர், காந்த முனை ஸ்க்ரூ டிரைவர் செட், பஸ்ஸர், நல்லது என்று சோதித்து வைத்த ஒரு டிடிஆர்3, ஒரு டிடிஆர்4 ராம், இரண்டு சாட்டா கேபிள். இரண்டு ராமுக்கும் வெட்டு வேறு இடத்தில் இருக்கும், ஒன்று மற்றதில் இறங்காது, அழுத்திப் பார்க்காதே. மூன்று பென் டிரைவ்: ஒன்றில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே எடுத்த விண்டோஸ், ஒன்றில் டிஸ்க்கில் ஏற்றாமலேயே பென் டிரைவிலிருந்து ஓடுகிற லைவ் லினக்ஸ், ஒன்றில் ராமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட். லினக்ஸில் மெஷின் ஒழுங்காக ஓடினால் கோளாறு விண்டோஸ் பக்கமோ டிஸ்க் பக்கமோ என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும், வெறுமனே ஃபார்மட் அடிக்க வேண்டிய தேவையே குறையும். மீதிப் பணத்தில் பழைய சாமான் கடையில் எடைக்குப் போகிற ஒரு டெஸ்க்டாப் வாங்கு. அதை முழுதாகக் கழற்றி மாட்டு, பத்து தடவை. வேண்டுமென்றே ராம் இல்லாமல், 4 பின் இல்லாமல், டிஸ்க் கேபிள் இல்லாமல் ஆன் செய்து, ஒவ்வொன்றுக்கும் அது எப்படி நடந்துகொள்கிறது என்று நோட்டில் எழுது. அந்த நோட்டு நீ வாங்கப் போகிற எந்தப் புத்தகத்தையும் விட உனக்கு உதவும்.

படிக்க ஆசை இருந்தால் ஐடிஐயில் ஹார்டுவேர் மற்றும் நெட்வொர்க் பராமரிப்புக்கென்றே தனிப் பிரிவு உண்டு, சேர முடிந்தால் சேர், சான்றிதழ் பின்னால் உதவும். காம்ப்டியா ஏ பிளஸ் என்ற சர்வதேசத் தேர்வு இரண்டு தாள், கட்டணம் இப்போது உனக்குத் தாங்காது, ஆனால் அதன் பாடத்திட்டத்தை அவர்கள் தளத்திலேயே இலவசமாக எடுக்கலாம். எதைப் படிப்பது என்று தெரியாமல் அலைவதற்கு அதை ஒரு வரைபடமாக வைத்துக்கொள்.

முதலாளி எல்லோர் முன்னாலும் திட்டியது சரியில்லை, அவர் செய்த ஒரு நிமிட வேலையை உனக்கு விளக்க இன்னும் இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். ஆனால் அவரிடம் விஷயம் இருக்கிறது. அடுத்த தடவை அவர் ஒரு மெஷினைத் தொடும்போது பக்கத்தில் நில், 'ஏன் சார் முதல்ல அதைப் பாத்தீங்க' என்று கேள். பெரும்பாலான பழைய ஆட்கள் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

கடைசியாக, தேதி மாறுகிற அந்த மெஷின். விண்டோஸ் மாற்றாதே. போர்டில் வட்டமாக இருக்கிற சிஆர் 2032 பேட்டரியைக் கழற்றி அள, புதிதில் 3 வோல்ட்டுக்கு மேல் காட்டும், 2.7, 2.6 என்று வந்தால் மாற்றிவிடு. ராத்திரி மெயின் சுவிட்சை அணைத்ததும் கடிகாரத்துக்குக் கரண்ட் இல்லாமல் அது பழைய தேதிக்குப் போகிறது. பேங்க் சைட்டின் பாதுகாப்புச் சான்றுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு, உன் மெஷின் பல வருடம் பின்னால் இருந்தால் அந்தச் சான்று இன்னும் பிறக்கவே இல்லை என்று பிரவுசர் நினைத்துக் கதவைச் சாத்துகிறது. பேட்டரியைத் தொடுவதற்கு முன் பயாஸுக்குள் போய் ஒவ்வொரு திரையையும் போனில் படம் எடுத்துக்கொள், குறிப்பாக, போர்டு டிஸ்க்கோடு எந்த முறையில் பேச வேண்டும் என்று சொல்கிற சாட்டா மோடு இருக்கிற இடத்தை. பேட்டரி மாற்றியதும் அது ஐடிஇயிலிருந்து ஏஹெச்சிஐக்கு மாறியிருந்தால் விண்டோஸ் நீலத் திரையில் நிற்கும், படத்தைப் பார்த்துப் பழையபடி வை, தேதியைச் சரி செய், சேவ் செய்து வெளியே வா. கூட்டல் குறி மேல்பக்கம் இருக்க வேண்டும்.